வீட்டு வளவுப் பங்கர்களையும் எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் கடைசி வந்தால் உங்கள் பத்திரிகையில் 1995 இடப்பெயர்வு பற்றி, யாழ்ப்பாணத்துச் சனம் ஒரே இரவில் ஊரை விட்டு வெளிக்கிட்டது பற்றி, ஒரு பக்கம் வரும். இந்த வருடமும் வந்தது. செம்மணி வீதியில் சைக்கிளும் பொதியும் குடையுமாகச் சனம் நெருக்கிக்கொண்டு நிற்கிற அதே படம், கீழே அநேகமாக அதே வரிகள். குறை சொல்வதற்காக எழுதவில்லை; அந்தப் பக்கம் ஒரு வருடம் வராமல் விட்டால் முதலில் சண்டைக்கு வருவது நான்தான். ஆனால் அந்த ஓர் இரவுக்கு முன்னால் ஐந்து வருடத்துக்கு மேல் நாங்கள் எங்கே ஒளிந்திருந்தோம் என்பதை யாரும் எழுதுவதாக இல்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் சிறுபிள்ளையாக இருந்த யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டால் பேசாமல் இருந்துவிடுவார்கள், பங்கரைப் பற்றி, அதுதான் பதுங்குகுழியைப் பற்றிக் கேட்டால் கதைக்கத் தொடங்குவார்கள், பிறகு நிற்பாட்ட முடியாது.

நான் சொல்வது வீட்டு வளவுக்குள் இருந்த பங்கரை. இப்போது பங்கர் என்றால் வெளியூர்ச் சனத்துக்கும், ஏன் எங்கள் பிள்ளைகளுக்கும்கூட, நினைவுக்கு வருவது போராளிகளின் காவலரணும் புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவருக்கு நிலத்துக்குக் கீழே பல தட்டாகக் கட்டியிருந்த அந்த வீடும்தான். 2009க்குப் பிறகு அதைப் பார்க்க வான் பிடித்துக்கொண்டு வந்தார்கள், 2013 ஒக்டோபரில் இராணுவம் அதைத் தகர்த்ததும் செய்தியாக வந்தது. சரி, அது ஒன்று. யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் வீட்டுக்கு வீடு இருந்ததே, பள்ளிக்கூடத்திலும் கோயில் வீதியிலும் சந்தையிலும் இருந்ததே, அவையெல்லாம் எங்கே? ஒன்றுக்காவது ஓர் அளவு, ஒரு கோட்டுப்படம், வெட்டினது யார் என்று ஒரு குறிப்பு? எந்தக் கட்டுரையை எடுத்தாலும் "மக்கள் பதுங்குகுழிகளில் தஞ்சம் புகுந்தனர்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்தக் குழி தன்பாட்டில் நிலத்தில் இருந்தது போலவும் சனம் போய்ப் புகுந்தது போலவும்.

எங்கள் வீடு கொக்குவிலில். நான் அப்போது நாலாம் ஆண்டு. பங்கர் வெட்டினது அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும். கடகத்தில் மண் அள்ளிக் கொட்டினது அம்மா, மாமி, பிள்ளைகள் நாங்கள். செம்மண் மேலே இலேசாக வரும். மூன்று அடி போனதும் அலவாங்கு டங்கென்று கல்லில் விழுந்தது. குடாநாட்டில் எங்கே தோண்டினாலும் கீழே சுண்ணக்கல்தான், எத்தனை அடியில் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். சில ஊர்களில் ஆள் எழும்பி நிற்கிற ஆழத்துக்குச் செம்மண் கிடைத்தது, கரையோரத்தில் கொஞ்சம் வெட்டினாலே தண்ணீர் ஊறியது, எங்களுக்குக் கல். ஆகவே பாதி நிலத்துக்குக் கீழே, பாதி மேலே. மேலே வந்த பாதிக்கு உரப்பைகளில் மண் நிரப்பி அடுக்கினோம். உரத்துக்கே அரசாங்கத்தின் தடை, ஆனால் பழைய உரப்பை எந்த வீட்டிலும் இருந்தது, இல்லாதவர்கள் கிழிந்த சாரத்தையும் தலையணை உறையையும் தைத்தார்கள். வெயிலில் அந்தப் பைகள் சில மாதத்திலேயே நொறுங்கிவிடும், பிறகு மண் பொலபொலவென்று கொட்டும், திரும்பவும் தைக்க வேண்டும். பங்கர் வெட்டினதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் பங்கருக்குள் இருந்தவர்கள் அல்ல.

சீமெந்தும் இரும்பும் பொருளாதாரத் தடைப் பட்டியலில். ஆகவே கூரைக்குப் பனங்குற்றி. தென்னையும் போட்டார்கள்தான், ஆனால் அது ஒரு மாரியிலேயே உக்கத் தொடங்கிவிடும். வைரம் பாய்ந்த பனை அப்படியே கிடக்கும். குற்றிகளை நெருக்கி அடுக்கி, இடுக்கால் மண் கொட்டாமல் தகரமோ பொலித்தீனோ விரித்து, அதற்கு மேலே மண்மூட்டை, அதற்கும் மேலே வெட்டின மண் முழுவதையும் கொட்டி மூடுவது. மழைக்கு அந்த மண் கரையாமல் இருக்கப் புல் பதித்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா பூசணி நட்டார், கொடி படர்ந்து மூடினால் மேலேயிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது என்று. தெரிந்ததோ தெரியவில்லையோ, பூசணி நன்றாகக் காய்த்தது.

வசதியான கூரை என்றால் தண்டவாளம். 1990இல் யாழ்தேவி ரயில் நின்றுபோய்ப் பாதை சும்மா கிடந்தது. முதலில் சிலிப்பர் கட்டைகள் காணாமல் போயின, பிறகு தண்டவாளமும் போனது. வீட்டுக்கோடியால் ரயில் பாதை போகிற கொக்குவில், கோண்டாவில் ஆட்களுக்கு அது ஒரு யோகம்தான். ஒரு துண்டைத் தூக்கி வரவே ஒழுங்கை முழுக்க ஆள் வேண்டும், கோயில் தேருக்கு வருகிற மாதிரி கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்தார்கள். அரசாங்கச் சொத்து என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை, நினைத்தவர்களும் வாய் திறக்கவில்லை. 2014 ஒக்டோபரில் ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது சனம் திரண்டு பார்க்கப் போனதே, அந்தக் கூட்டத்தில் நின்ற என் சித்தப்பா புதுத் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்கட தலைக்கு மேல கிடந்தது இதைவிட மொத்தம்" என்றார். அளந்தா பார்த்தார்? ஆனாலும் அவர் சொன்னால் சொன்னதுதான்.

எங்கே வெட்டுவது என்பதில் நடந்த சண்டையைத் தனியாக எழுதலாம். வீட்டுக்குக் கிட்ட வெட்டினால் வீடு இடிந்து வாசலை மூடிவிடும். தூர வெட்டினால் ஓடிப் போகிறதுக்குள் எல்லாம் முடிந்துவிடும். கிணற்றடியில் கூடாது, அதிர்வுக்குச் சரியும். மரத்துக்குக் கீழே மறைப்பு உண்டு, ஆனால் வேர் வெட்டி மாளாது. அம்மம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை; நிலையம், அதுதான் வாஸ்து, பார்க்காமல் வளவுக்குள் கிடங்கு வெட்டக் கூடாது, அதுவும் கன்னி மூலையில் கூடவே கூடாது. மற்ற எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே இடம் கன்னி மூலைதான். கடைசியில் குசினிக்கும் மாமரத்துக்கும் நடுவே, எல்லாருக்கும் அரைமனதான ஓர் இடத்தில் வெட்டினார்கள். அம்மம்மா வாசலில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தின பிறகுதான் எங்களை இறங்க விட்டார்.

வாசல் நேராக இருக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. படியால் இறங்கினதும் உடனே திரும்ப வேண்டும், 'ட' வடிவம் என்போம். வெளியே வெடிக்கிற குண்டின் சிதறல் நேர்கோட்டில்தான் வரும், அதற்கு மூலை திரும்பத் தெரியாது. இன்னும் கவனமானவர்கள் 'ப' வடிவத்தில் வெட்டி இரண்டு வாசல் வைத்தார்கள், ஒன்று மூடுண்டால் மற்றதால் வெளியே வர. இதை யாரும் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து செய்யவில்லை. 1987 சண்டையில் பட்டதில் கொஞ்சம், பக்கத்து ஊரில் என்ன நடந்தது என்று கேட்டதில் கொஞ்சம், அப்புறம் கைவேலை தெரிந்த மேசன்மாரும் ஆசாரிமாரும் சொன்னதில் கொஞ்சம். நேரே மேலே விழுந்தால் எந்த வீட்டுப் பங்கரும் தாங்காது என்பதும் எல்லாருக்கும் தெரியும், பங்கரோடு மூடுண்டு போன குடும்பங்கள் இருந்தன. அது காப்பாற்றியது பக்கத்தில் விழுகிற குண்டிலிருந்து, பறந்து வருகிற ஓட்டிலிருந்து, யன்னல் கண்ணாடியிலிருந்து. அந்த அளவுக்கு அது போதும் என்று நம்பித்தான் இறங்கினோம்.

சைரன் எங்கள் பக்கம் கேட்டதில்லை. ஊர் நாய்கள் எங்களுக்கு முதலே அறிந்துவிடும், பிறகு காகங்கள் எழும்பும், பிறகுதான் எங்கள் காது. ஹெலி தூரத்திலேயே படபடக்கும். பொம்மர் என்கிற குண்டுவீச்சு விமானம் பதிந்து குத்தும், குத்தி எழும்பும்போது சத்தம் மாறும், அந்த மாறுகிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சகடை என்று நாங்கள் பட்டம் வைத்தது ஒரு போக்குவரத்து விமானம். மெதுவாக அரைத்துக்கொண்டு உயரத்தில் சுற்றும், அதிலிருந்து பீப்பாய்க் குண்டை உருட்டி விடுவார்கள். எங்கே விழும் என்று உருட்டுகிறவனுக்கே தெரியாது என்பதால் பெரியவர்களுக்கு அதில்தான் பயம் கூட. 1991க்குப் பிறகு சுப்பர்சொனிக் என்ற ஜெட் விமானம் வந்தது, சத்தத்தைக் கேட்டு ஓடலாம் என்ற எங்கள் கெட்டித்தனம் அதனிடம் செல்லவில்லை. 1993 அளவில் புக்காரா என்ற இன்னொரு தாக்குதல் விமானம். தலைக்கு நேர் மேலே குண்டைக் கழற்றினால் அது எங்களுக்கு இல்லை, விமானம் போகிற பக்கமே முன்னால் போய்த்தான் விழும் என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். பௌதிக ரீச்சர் பிறகு கரும்பலகையில் அந்த வளைகோட்டைக் கீறி விளங்கப்படுத்தத் தொடங்கினபோது வகுப்பே சிரித்தது, பாவம் அவருக்கு ஏன் என்று உடனே விளங்கவில்லை.

செல், அதாவது பீரங்கிக் குண்டு, வேறு மாதிரி. பலாலி முகாமிலோ மண்டைதீவு முகாமிலோ இராணுவம் குத்துகிற சத்தம் 'டும்' என்று முதலில் கேட்கும். கேட்டதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குவோம். கூவுகிற சத்தம் கேட்டால் தாண்டிப் போகிறது என்று அர்த்தம் என்பார்கள்.

உள்ளே என்ன இருந்தது என்று இப்போது பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு பாய், ஒரு தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டைகளும் காணி உறுதியும் போட்ட ஒரு துணிப்பை, ஜாம் போத்தல் விளக்கு. அந்த விளக்கைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1990இலிருந்து மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விற்ற விலையில் சாதாரண விளக்கு கொளுத்துவது கட்டுப்படியாகாது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு ஊறுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், நடுவில் ஒரு சின்னக் குழாயில் திரி. போத்தல்தான் சிமினி, காற்றுக்கு அணையாது, சரிந்தாலும் எண்ணெய் ஊற்றுப்படாது. அந்த வெளிச்சத்தில்தான் என் வயதுக்காரர் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்தார்கள். பங்கருக்குள் இருந்தால் அதையும் ஊதி அணைக்கச் சொல்வார்கள். ஒன்று வெளிச்சம் தெரியும் என்று, மற்றது புகை. இருட்டில் ஒரு பக்கம் அம்மம்மா தேவாரம், மறுபக்கம் பக்கத்து வீட்டு மாமி செபமாலை. இரண்டும் ஒரே வேகத்தில் போகும், சத்தம் கிட்ட வர வர இரண்டும் வேகம் கூடும். எனக்கும் தங்கச்சிக்கும் இரண்டும் பாடம்.

இறங்க முதல் அப்பா ஒரு தடியால் மூலைகளைத் தட்டுவார், தேளுக்காகவும் பாம்புக்காகவும். அவசரத்தில் தட்ட நேரமிருக்காது. மாரியில் தண்ணீர் முழங்கால் மட்டும் நிற்கும், தவளை மிதக்கும், அதற்குள் இறங்கி நிற்கிறதைவிட வெளியே நின்று சாகலாம் என்று சித்தப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் முதல் ஆளாய் இறங்குவார். அடுத்த நாள் காலை பிள்ளைகள் எங்கள் வேலை சிதறு துண்டு பொறுக்குவது. விளிம்பு கூரான, நீலம் பூத்த இரும்பு. பெரிய துண்டு வைத்திருக்கிறவனுக்கு வகுப்பில் மரியாதை, ஒரு நல்ல துண்டுக்குப் பத்துப் போளை கொடுத்தார்கள். பெற்றோர் அடிப்பார்கள், நாங்கள் விடுவதில்லை. பயந்துகொண்டே இருந்த பிள்ளைகளாக எங்களை எழுதுகிறார்களே, அதுவும் முழு உண்மை இல்லை. பயம் இருந்தது, அதற்கிடையில் விளையாட்டும் இருந்தது.

1995இல் அந்த விளையாட்டு நின்றது. ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். வழிபாட்டு இடங்களுக்குப் போங்கள் என்று சனத்துக்கு அறிவித்திருந்தார்கள், சனமும் வீட்டையும் வீட்டுப் பங்கரையும் விட்டு அங்கே போயிருந்தது. செப்டெம்பர் 22 எங்கள் வடமராட்சி நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்து பிள்ளைகள் பலர் செத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா எங்களைக் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு விடவில்லை.

ஒக்டோபர் 30 இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. ஒலிபெருக்கியில் புலிகள் அறிவித்துக்கொண்டு போனார்கள், வலிகாமத்தை விட்டு உடனே தென்மராட்சிக்குப் போகச் சொல்லி. கொக்குவிலிலிருந்து நாவற்குழிப் பாலம் சைக்கிளில் போனால் அரை மணி நேரம், ஒரு மணி நேரம். அன்றைக்கு இரவு முழுக்க நின்றும் நகர்ந்தும் போனோம். சில இலட்சம் சனம் ஒரே வீதியில். மழை பெய்தபோது குடையைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீர் சேர்த்துக் குடித்தார்கள். நான் சொல்ல வந்தது வேறு: அந்த வீதியில் இரண்டு பக்கமும் உப்பு வெளி, தண்ணீர். ஒளிக்க ஒரு மரம் இல்லை, ஒரு மதில் இல்லை. ஐந்து வருடமாக, சத்தம் கேட்டால் எங்கே ஓடுவது என்று தெரிந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஓட இடம் இல்லை. பின்னேரம் வெளிக்கிடும்போது தங்கச்சி அழுதது வீட்டை விட்டுப் போகிறோம் என்பதற்காக இல்லை, "பங்கரையும் கொண்டு போவம்" என்றுதான். ஐந்து வயது. பிறந்ததிலிருந்து பங்கர் இல்லாத வளவை அவள் கண்டதில்லை.

தென்மராட்சியில், மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு வீட்டார் திண்ணையைத் தந்தார்கள். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இன்னும் சில குடும்பங்கள். அடுத்த நாள் அப்பா சமைக்க என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை, மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டார். அங்கே மணல். வெட்டுவது சுகம், வெட்டின சுவர் நிற்காது. பனை மட்டையைச் செருகி, கிடுகு வைத்து, குற்றி நட்டு, கொக்குவிலில் தெரிந்த ஒன்றும் அங்கே உதவாமல், அந்த வீட்டுப் பெரியவர் சொல்லச் சொல்ல அப்பாவும் மற்ற ஆண்களும் வெட்டினார்கள். எங்கள் கல்லுக்கு ஒரு பங்கர், அவர்கள் மணலுக்கு ஒரு பங்கர். இந்த வித்தியாசத்தைத்தான் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்.

1996 ஏப்ரலில் திரும்பி வந்தோம். வீட்டுக்கூரை பாதி இல்லை, பங்கரின் கூரை உள்ளே இறங்கி இருந்தது. அப்பா அதைத் திருத்தவில்லை, இடிந்த சுவர்க் கல்லையெல்லாம் உள்ளே தள்ளி மூடிவிட்டார். வளவுக்குள் பங்கர் ஏன் வைத்திருக்கிறாய் என்று இராணுவத்திடமிருந்து கேள்வி வந்தால் என்ன சொல்வது என்ற பயம் ஒன்று, தண்டவாளம் யாருடையது என்ற கேள்வி இன்னொன்று. பக்கத்து வளவுகளிலும் இதே கதைதான். குப்பைக் கிடங்காகச் சில, வாழை நடச் சில, வெளிநாட்டுக் காசில் புது வீடு எழும்பும்போது மிச்சம். கிட்டடியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு காணியில் அத்திவாரம் வெட்டும்போது ஜேசிபி வாளியில் இரண்டு துண்டுத் தண்டவாளமும் மக்கிப்போன உரப்பைத் துணியும் வந்தன. வேடிக்கை பார்க்கக் கூடின பிள்ளைகளில் ஒருவன், ரியூசனுக்குப் போகிற வயது, "ஆமிக்காரன்ர பங்கரோ, இயக்கத்தின்ர பங்கரோ?" என்று கேட்டான். அது அவனுடைய அப்பப்பா வெட்டினது. காணிக்காரர் தண்டவாளத்தைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்து விற்றுவிட்டார், அவரில் பிழை சொல்ல முடியாது.

இந்தக் கணக்கில் இன்னொரு கூட்டத்தையும் விடக் கூடாது. 1990 ஒக்டோபர் 30, அதே திகதி, எங்களுக்கு ஐந்து வருடம் முன்னால், யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அந்த வருடம் ஜூனிலிருந்து எங்களைப் போலவே அதே விமானங்களுக்கு ஒளிந்தவர்கள்தான் அவர்களும். அவர்கள் இருந்த சோனகத்தெரு வளவுகளில் என்ன இருந்தது என்று, இடம்பெயர்ந்து போய்ப் புத்தளத்தில் இருக்கிறவர்களைக் கேட்டால்தான் தெரியும். உங்கள் ஒக்டோபர் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு பத்தியாவது கிடைக்க வேண்டும் என்பது என் பழைய குறை, சந்தர்ப்பம் கிடைத்தபடியால் சொல்லிவிட்டேன்.

வன்னிப் பிள்ளைகளின் கதை இன்னும் வேறு. 2009இல் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலில், உரப்பைக்கு எங்கே போவது, கல்யாணச் சேலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பினார்கள். அப்போது பத்து வயதாக இருந்த பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள், எங்களோடு ஒரே அலுவலகத்தில் இருக்கிறார்கள். ஒருமுறை மத்தியானச் சாப்பாட்டு நேரம் நான் எங்கள் பனங்குற்றிப் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது ஒரு பிள்ளை அமைதியாகச் சொன்னாள், "அக்கா, உங்களுக்குக் கூரை இருந்திருக்கு." பிறகு நான் வாய் திறக்கவில்லை. அவர்களிடமும் கேட்க வேண்டும், ஆனால் அவர்களுக்கு அது இன்னும் ஆறவில்லை. கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும், சொல்ல விருப்பமில்லாதவர்களை விட்டுவிட வேண்டும்.

லண்டனில் இருக்கிற என் மச்சாள் ஒருத்தி அங்கே அருங்காட்சியகத்தில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள். இரண்டாம் உலகப் போர் நேரம் வீட்டுத் தோட்டங்களில் வைத்த அண்டர்சன் குடில். வளைத்த தகரம், நாலு அடி ஆழத்தில் இறக்கி, மேலே குறைந்தது 15 அங்குல மண். ஆறு பேருக்கு. வருமானம் குறைந்த வீடுகளுக்கு அரசாங்கமே சும்மா கொடுத்தது. தகரத்தின் அளவு, எப்படிப் பூட்டுவது, எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் குரலையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். 1939 செப்டெம்பர் முதல் நாட்களில் அவர்கள் பதினைந்து இலட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளை, கழுத்தில் பெயர்த்துண்டு கட்டி நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார்கள். ரயில் வந்தது, பெயர்ப் பட்டியல் இருந்தது. எங்களுக்கு அரசாங்கம் தகரம் தரவில்லை, தந்தது வேறு. பட்டியலும் இல்லை. அதனால்தான் இதை நாங்களாக எழுத வேண்டியிருக்கிறது.

என் கேட்பு இதுதான். வாரத்தில் ஒரு நாள், அரைப் பக்கம் போதும், வாசகர்கள் தங்கள் வீட்டுப் பங்கரைப் பற்றி எழுத இடம் கொடுங்கள். கவிதை வேண்டாம், தயவுசெய்து. எந்த ஊர், என்ன மண், எத்தனை அடி, கூரைக்கு என்ன போட்டீர்கள், எங்கிருந்து கொண்டு வந்தீர்கள், வெட்டினது யார், உள்ளே எத்தனை பேர் இருந்தீர்கள், பிறகு அதற்கு என்ன நடந்தது. இவ்வளவும் இருந்தால் போதும், மற்றது தானாக வரும். எங்களைப் போல அன்றைக்குப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் எங்களுக்குத் தெரிந்தது உள்ளே இருந்த கதை மட்டும். வெட்டினவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது. மேசன்மார், ஆசாரிமார், மண்மூட்டை தைத்த பெண்கள், ஊர் ஊராகப் போய்ப் பனை தறித்துக் கொடுத்தவர்கள், அவர்களை முதலில் பிடியுங்கள். பெயர் போட விரும்பாதவர்களுக்கு ஊர்ப்பெயர் மட்டும் போடுங்கள், தண்டவாளக் கதை சொல்கிறவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

என் அப்பா போய்விட்டார். சித்தப்பா இருக்கிறார், எங்கள் பங்கரைக் கொப்பி ஒற்றையில் பென்சிலால் கீறித் தந்திருக்கிறார், அடிக் கணக்கில். படி எத்தனை, குற்றி எத்தனை என்று ஓரத்தில் எழுதி, வாசல் எந்தத் திசை என்று அம்புக்குறியும் போட்டிருக்கிறார். அதை ஸ்கான் பண்ணி அனுப்பினால் அப்படியே போடுவீர்களா, அல்லது உங்கள் ஓவியர் திரும்பக் கீற வேண்டுமா என்பதையும், அளவை மீற்றருக்கு மாற்ற வேண்டுமா என்பதையும் அறிவியுங்கள். மாற்றச் சொன்னால் சித்தப்பா தர மாட்டார், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கொக்குவில்.